கழித்தபின் வரும் கனம்

கனத்த ராக் ஒலி என்றதும் நினைவுக்கு வருகிற ஆம்புகளுக்குப் பூர்வீகம் தேடிப் போனால், கடைசியில் ஒரு பேஸ் கிட்டார் ஆம்பின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அதன் தடித்த தந்திகளுக்கென்றே மறு ஆண்டு பேஸ்மேன் ஆம்ப் வந்தது. 1950களின் கடைசியில் பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கோடு வெளிவந்த பேஸ்மேனை, பேஸ் வாசிப்பவர்களைவிட மற்ற கிட்டார்காரர்களே அதிகம் கொண்டாடினார்கள்.

லண்டனின் மேற்கே, ஹான்வெல்லில், ஜிம் மார்ஷல் வாத்தியக் கடை வைத்திருந்தார். அவர் டிரம்ஸ்காரர், டிரம்ஸ் வாத்தியாரும்கூட. அமெரிக்க ஆம்பை வரவழைத்து விற்றால் கட்டுப்படியாகாது. கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரானும் டட்லி கிரேவன் என்ற இளைஞரும் 1962-ல் பேஸ்மேனின் சுற்றை ஏறக்குறைய அப்படியே வைத்து ஒன்றைச் செய்தார்கள். அதுதான் ஜேடிஎம்45. காப்பிதான், அதில் யாருக்கும் வெட்கமில்லை. ஆனால் இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைப் போட்டார்கள். பன்னிரண்டு அங்குல செலெஷன் ஸ்பீக்கர் நான்கைப் பின்பக்கம் அடைத்த பெட்டியில் வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மதிப்புகளை மாற்றினார்கள்.

அந்த மாற்றங்களில் ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதல் வால்வின் கேத்தோடில், தரைக்குப் போகும் வழியில், ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். பேஸ்மேனில் அது 250 மைக்ரோஃபாரட். எவ்வளவு கீழான ஒலி வந்தாலும் வால்வு அதை முழு பலத்தோடு பெருக்கும். 1960களின் இறுதியில் மார்ஷல், லீட் கிட்டாருக்கான சேனலில் அதை 0.68 ஆக்கியது. மெல்லிய பாகம், சல்லிக்காசு விலை. விளைவு, கீழ்த்தொனி முதல் வால்விலேயே மெலிந்துவிடுகிறது. 1981-ல் வந்த ஜேசிஎம்800-ஐத் திறந்து பார்த்தாலும் அதே இடத்தில் அதே 0.68 உட்கார்ந்திருக்கும். பேஸுக்காகப் பிறந்த ஆம்ப், பேஸை வாசலிலேயே தடுக்கத் தொடங்கிய பிறகுதான் ராக் கிட்டாருக்கு அந்தக் கனம் வந்தது.

இது ஏன் என்பதைப் புரிந்துகொள்ளாமல் நிஜ ஆம்புகளைக் கணினியில் போலச்செய்யும் மாடல்கள் நூறை மாற்றி மாற்றிக் கேட்பதில் பயனில்லை என்பது என் கட்சி.

டிஸ்டார்ஷன் என்பது கூரையில் முட்டுவது. இசிசி83 வால்வுக்குள் இரண்டு டிரையோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுற்றில் ஐம்பது அறுபது மடங்கு பெருக்கும். ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுத்து, அதை அதற்கடுத்ததற்குக் கொடுத்தால், மூன்றாவது நான்காவது கட்டத்தில் அலை மேலே போக இடமில்லாமல் தலை தட்டையாகிவிடும். கிட்டார் தந்தியின் ஒலியில் கீழ்த்தொனிதான் பெரிய அலை. அதன் முதுகில் ஏறித்தான் மேல்தொனிகளின் சிற்றலைகள் வருகின்றன. பெரிய அலை கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்கச் சிற்றலைகளும் நசுங்கிக் காணாமல் போகும். கீழ் ஈ தந்தியில் இது நொடிக்கு 82 தடவை நடக்கிறது. காதுக்கு அது கனமாகக் கேட்காது, கொழகொழவென்று கேட்கும். உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கிப் பாம் மியூட் அடித்தால் 'ஜக்' என்று நறுக்காக நிற்க வேண்டியது 'பூவ்' என்று இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாக உடையும்போது அவற்றின் வித்தியாசமும் ஒரு ஸ்வரமாகப் பிறக்கிறது. 110 ஹெர்ட்ஸ் ஏ-யையும் அதன் பஞ்சமமான 165-ஐயும் சேர்த்து வாசித்தால் 55 பிறக்கும். அது அதே ஏ, ஒரு ஸ்தாயி கீழே. பவர் கார்ட் என்கிற இரண்டு ஸ்வரக் கட்டு ராக்கின் செங்கல்லானது இதனால்தான். உள்ளே விடாத பேஸ் உள்ளிருந்தே முளைக்கிறது. பஞ்சமத்துக்குப் பதில் காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். சம இடைவெளிச் சுருதியில் அது 138.59. வித்தியாசம் 28.59. சுருதி சேர வேண்டுமென்றால் 27.5 அல்லவா வர வேண்டும்? அந்த ஒரு ஹெர்ட்ஸ் பிசகு அடியில் உறுமிக்கொண்டே இருக்கும். கிளீன் சேனலில் அழகாக இருந்த மேஜர் கார்ட், பெருக்கத்தின் அளவான கெயின் ஏற ஏறச் சேறாவது வாசிப்பவரின் குற்றமல்ல.

பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமியை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிங்ஹாமின் தகரத் தொழிற்சாலையில் வலது கை விரல் இரண்டின் நுனியை இழந்தவர். இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். 1970-ல் வந்த அவர்களது முதல் தட்டைவிடக் கனமான எதையும் அதுவரை உலகம் கேட்டிருக்கவில்லை என்று தயங்காமல் சொல்லலாம். அதில் லேனி ஆம்புக்கு முன்னால் இருந்தது டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சின்னப் பெட்டி. ட்ரெபிள் பூஸ்டர்! பேஸை மட்டுப்படுத்தி மேல்தொனியை மட்டும் தூக்கிக் கொடுப்பதுதான் அதன் ஒரே வேலை.

அதே வேலையைப் பத்தாண்டு கழித்து இபனேஸின் பச்சைநிற டியூப் ஸ்கிரீமர் செய்ய வந்தது. அது மிதமான ப்ளூஸ் டிஸ்டார்ஷனுக்கான பெடல். மெட்டல்காரர்கள் அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள்: டிரைவ் குமிழ் பூஜ்யத்தில், லெவல் குமிழ் முழுவதும் வலப்பக்கம். அந்த பெடலின் சுற்று 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைவாகவே பெருக்குகிறது. ஏற்கனவே கெயின் பொங்கி வழியும் ஆம்புக்கு முன்னால் இதை ஏன் வைக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். அங்கே அது கெயின் பெட்டியாக இல்லை, சல்லடையாக இருக்கிறது.

இந்தச் சல்லடை எங்கே இருக்கிறது என்பதுதான் ஒரு மாடலுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு. பெயர் அல்ல. பெயர்களோ வேடிக்கை. வணிகச் சின்னத்தின் சொந்தக்காரர் வழக்குப் போடுவார் என்ற பயத்தில், கணவன் பெயரை வாயால் சொல்லாமல் சாடைகாட்டிய அந்தக் காலத்துப் பெண்களைப் போல மாடலிங் கருவிகள் ஆம்புகளைக் குறிப்பிடுகின்றன. 2015-ல் வந்த லைன் 6 ஹீலிக்ஸில் ஆரஞ்சு ஆம்புக்குப் பெயர் மாண்டரின். மார்ஷலுக்கு பிரிட். பீவி 5150-க்கு பிவி பனாமா: எடி வான் ஹேலன் கையெழுத்திட்ட ஆம்ப் என்பதால் அவர் குழுவின் பாட்டுப் பெயர். இந்தச் சாடைகளைப் புரிந்துகொள்வதிலேயே ஒரு தலைமுறை ராக் வரலாற்றைப் பாதி கற்றுவிட்டது.

சல்லடைக்கு வருவோம். மார்ஷல் வழியில் வந்தவற்றில் பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் கெயின் கட்டங்களுக்குப் பின்னால் இருக்கின்றன. 1987-ல் மைக் சோல்டானோ கொண்டுவந்த எஸ்எல்ஓ-100 இந்த வழிதான். ஜேசிஎம்800-ல் ஒரு டிரையோடை 10,000 ஓம் ரெசிஸ்டர் போட்டு அரைத்தூக்கத்தில் வைத்திருப்பார்கள். அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அது வெட்டிவிடும். சோல்டானோ அதை 39,000 ஓம் ஆக்கி, வெட்டை இன்னும் ஆழமாக்கினார். 1990களின் தொடக்கத்தில் வந்த மெசா டூயல் ரெக்டிஃபையரும் பீவி 5150-ம் அந்த எஸ்எல்ஓவுக்கு நெருங்கிய சொந்தம். ஆக, காப்பியின் காப்பியின் காப்பி. மாடலிங் கருவியில் வருவதை 'போலி' என்று ஒதுக்குகிறவர்கள் இந்த வம்சாவளியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. இந்த வீட்டில் அசல் என்று யாரும் இல்லை.

இன்னொரு கிளை, மெசா பூகியின் மார்க் வரிசை. அதுவும் அதே பேஸ்மேனிலிருந்துதான். 1960களின் கடைசியில் ராண்டல் ஸ்மித் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து ரிப்பேர்காரர், கிட்டார்காரர் பேரி மெல்ட்டனின் குட்டி ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஆம்பை விளையாட்டாகக் குடைந்து, பேஸ்மேன் சுற்றையும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரையும் உள்ளே திணித்தார். அதை வாசித்துப் பார்த்த கார்லோஸ் சந்தானா வியந்துபோனார். பிறகு ஸ்மித் கூடுதல் கெயின் கட்டங்களைச் சேர்த்தபோது ஃபெண்டர் வழக்கப்படி டோன் குமிழ்களை முன்னாலேயே விட்டுவிட்டார். மார்க் வரிசையில் பேஸ் குமிழ் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருக்கிறது.

மெட்டாலிக்காவின் 1986 தட்டான மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸில் கேட்பது மார்க் 2சி பிளஸ். அதன் மாடல் ஒன்றைத் திறந்து, மார்ஷலில் வைக்கிற பழக்கத்தில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துக் கீழ் ஈ தந்தியை அடியுங்கள். சகிக்காது. சேறு. உடனே கெயினைக் குறைப்பார்கள், மாடல் சரியில்லை என்று மூடிவிடுவார்கள். குறைக்க வேண்டியது கெயினை அல்ல. பேஸ் குமிழை ஒன்றுக்கோ பூஜ்யத்துக்கோ கொண்டுபோக வேண்டும். ட்ரெபிள் ஏழெட்டில் நிற்கட்டும். இப்போது ஒலி ஒல்லியாக, எரிச்சலாக, ஆனால் நறுக்கென்று இருக்கும். அதன்பிறகு டிஸ்டார்ஷனைத் தாண்டி இருக்கிற ஐந்து சறுக்கு விசைகளுக்கு வாருங்கள்: 80, 240, 750, 2200, 6600 ஹெர்ட்ஸ். 80-ஐ ஏற்றுங்கள், 750-ஐ இறக்குங்கள். பாம் மியூட் மார்பில் குத்தும். முன்னால் கழித்த பேஸைப் பின்னால் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். அளவு என்னவோ முன்பு இருந்ததுதான். உடைந்த பிறகு சேர்ந்த பேஸ் சுத்தமாக இருக்கிறது, அவ்வளவே.

மாடல்களிலேயே இரண்டு சாதி உண்டு என்பதும் இங்கே முக்கியமாகிறது. ஒன்று, சுற்றை உறுப்புக்கு உறுப்பு கணக்காக எழுதுவது. 2006-ல் வந்த ஃபிராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் இந்த வழியில் வளர்ந்தது. இதில் பேஸ் குமிழைத் திருகினால் அசலில் அது எந்த இடத்தில் வேலை செய்ததோ அந்த இடத்திலேயே வேலை செய்யும். இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட ஆம்பை, குமிழ்கள் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும்போது கேட்டுப் பிடித்துவைப்பது. 2011-ல் வந்த கெம்பர் இதைப் பரவலாக்கியது. இப்போது நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளில் யாரும் தங்கள் ஆம்பை செயற்கை நரம்பு வலைக்குக் கற்றுக்கொடுத்துக் கோப்பாகப் பகிரலாம். தத்ரூபம் என்றால் தத்ரூபம். ஆனால் அந்தக் கோப்பை இயக்கும் பிளக்-இன்னில் தெரிகிற பேஸ் குமிழ், ஆம்பின் பேஸ் குமிழ் அல்ல. பிடித்துவைத்த ஒலிக்குப் பின்னால் ஒட்டிய ஈக்யூ. கோப்பைப் பிடித்தவர் பேஸை அதிகம் வைத்துப் பிடித்திருந்தால், அந்தச் சேறு உள்ளேயே உறைந்துவிட்டது. பின்னால் எவ்வளவு வெட்டினாலும் போகாது. ஒரே வழி, கோப்புக்கு முன்னால் ஒரு டியூப் ஸ்கிரீமர். அயோமியின் பழைய வழிதான்.

வால்வு இருந்தால்தான் கனம் என்பவர்களிடம் வாதாடி ஓய்ந்துவிட்டேன். பாண்டேராவின் டைம்பேக் டாரல், 1990-ல் கவ்பாய்ஸ் ஃப்ரம் ஹெல் தட்டில் ராண்டல் ஆர்ஜி100 வாசித்தார். முழுக்க டிரான்சிஸ்டர். அந்த ஒலியின் ரம்பப் பற்களை வால்வில் கொண்டுவர முயன்று தோற்றவர்கள் பலர். சுவீடனின் மெஷுக்கா இரண்டாயிரங்களிலேயே தட்டுகளை மாடலிங் கருவியில் பதிந்துவிட்டது. அதைக் கேட்டு யாரும் கனம் போதவில்லை என்று சொன்னதாகத் தெரியவில்லை.

நம்மில் எத்தனை பேர் முழு வேகத்தில் ஓடும் நூறு வாட் மார்ஷலின் முன்னால் நின்றிருக்கிறோம்? கேட்டதெல்லாம் தட்டுதான். தட்டில் இருப்பது ஆம்பின் ஒலி அல்ல. ஒரு ஸ்பீக்கரின் ஒரு மூலையில் வைத்த ஒரு மைக் கேட்டது. அந்த மைக் பெரும்பாலும் 1965-ல் வந்த ஷூர் எஸ்எம்57. ஆகவே எந்த ஆம்ப் என்பதற்கு முன்னால் எந்த ஸ்பீக்கர், எந்த இடத்தில் மைக் என்று முடிவுசெய்வதே என் வரிசை. பிளக்-இன்னில் ஸ்பீக்கரின் படம் வரும். மைக்கை மவுஸால் இழுக்கலாம். ஸ்பீக்கரின் நடுக்குமிழுக்கு நேரே வைத்தால் பிளெக்ட்ரம் தந்தியில் உரசுவது முகத்தில் தெறிக்கும். ஒரு விரற்கடை வெளியே நகர்த்தினால், நடுக்குமிழ் காகிதக் கூம்பைத் தொடும் விளிம்பில், அந்த உரசல் பின்வாங்கி நடுத்தொனி முன்வரும். இன்னும் வெளியே போனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதாக மங்கும். இந்த ஒன்றிரண்டு அங்குலத்தில் நடக்கிற மாற்றம், ஜேசிஎம்800-ஐ விட்டு எஸ்எல்ஓவுக்குப் போவதால் வரும் மாற்றத்தைவிடப் பெரிது. செலெஷன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் நடுத்தொனியின் மேற்பகுதியைத் தூக்கிக் காட்டும். அதே செலெஷனின் கிரீன்பேக் இன்னும் இளகியது. கிட்டார் ஸ்பீக்கர்கள் 5000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சரசரவென்று விழுந்துவிடும். அந்த வீழ்ச்சி இல்லாவிட்டால் எந்த ஹை கெயின் ஆம்பும் காது கூசும் இரைச்சல்தான்.

அடுக்குமாடி வீட்டில், இரவில், ஹெட்போனில் வடிக்கிற ஒலிக்கு இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது காது பேஸையும் உச்சத் தொனியையும் சரியாகக் கேட்பதில்லை. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைந்துவிட்டார்கள். ஆகவே இரவில் இரண்டையும் ஏற்றி, நடுவைக் குடைந்து வைப்போம். தனியாகக் கேட்க மலைபோல் இருக்கும். அதே ஒலியை மேடைச் சத்தத்தில் ஏற்றினால் கீழே உறுமல், மேலே சீறல். நடுவில் இருக்க வேண்டிய கிட்டாரைக் காணோம். டிரம்ஸும் குரலும் அந்தக் குடைந்த பள்ளத்தில் வசதியாகக் குடியேறியிருக்கும்.

கெயினுக்கும் இதே கதிதான். தட்டில் ஒரு ரிஃப் சுவர்போல் கேட்பது ஒரு கிட்டார் அல்ல. ஒரே ரிஃபை இரண்டு தடவையோ நான்கு தடவையோ தனித்தனியாக வாசித்து இடமும் வலமுமாகப் பரப்பியது. ஒன்றின் பிளெக்ட்ரம் மற்றதைவிட ஒரு மயிரிழை முந்தும் பிந்தும்; அந்த விலகலே அகலம். ஒரே பதிவைப் பிரதியெடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் நடுவில் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும். நான்கு கிட்டாரின் டிஸ்டார்ஷனும் கூடும்போது தந்தி அடிபடும் கணங்களின் விளிம்பு மழுங்குகிறது. அதனால் ஒவ்வொன்றிலும் கெயினைத் தனியாக வாசிக்கும்போது வைப்பதைவிடக் குறைத்துத்தான் பதிவார்கள். இந்த இசையில் பெயர்பெற்ற எத்தனையோ தட்டுகளின் கிட்டாரை மட்டும் பிரித்துக் கேட்டால், 'இவ்வளவுதானா கெயின்?' என்று இருக்கும்.

கடைசியாக, இந்தக் கனத்தில் பாதி கிட்டாரே அல்ல. கலவையில் கிட்டாரின் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது ஒலிப்பதிவாளர்களின் அன்றாட வழக்கம். தன் கிட்டாரை இரவெல்லாம் செதுக்கிக் கொண்டுவந்த பையனுக்கு முகம் சுருங்கும். தனியாக ஒலிக்கவிட்டால் மெலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பேஸ் கிட்டாரைச் சேர்த்து ஒலிக்கவிட்டால் அந்த மெலிவு எங்கே போயிற்று என்று தெரியாது. கேட்பவரின் காது பேஸ் கிட்டாரின் கீழ்த்தொனியையும் மேலே உள்ள டிஸ்டார்ஷனையும் ஒரே ராட்சச வாத்தியமாகத் தைத்துக்கொள்கிறது. மறுபக்கத்துக்குச் சான்று வேண்டுமானால் மெட்டாலிக்காவின் 1988 தட்டு ...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல் இருக்கிறது. கிட்டார்கள் சவரக்கத்திபோல் கூர்மை. கீழே காய்ந்த தரை. இன்றுவரை ரசிகர்கள் அந்தத் தட்டைப் பற்றிப் புலம்புவது ஆம்பையோ கெயினையோ பற்றி அல்ல. ஜேசன் நியூஸ்டெட் வாசித்தும் கலவையில் கேட்காமல்போன பேஸைப் பற்றி.